ஏற்றத்தில் எரிந்த கியர்பாக்ஸ்

இரண்டாவது முறையாக அந்த லோரியை எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தபோது அதன் அடிப்பாகம் முழுக்கக் கருகியிருந்தது. கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தேன். லோரியின் முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"நீ செஞ்ச கியர்பாக்ஸ் எப்படி எரிஞ்சிச்சு?" என்றார்.

"டிரைவர் அண்ணன் எங்க?"

"ஆஸ்பத்திரியில. கையில கொஞ்சம் சூடு, அவ்ளோதான்லா. நீ லோரிய பாரு."

அந்த 'அவ்ளோதான்லா' இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

ஜெலுத்தோங்கில் நானும் என் கணவரும் பட்டறை நடத்துகிறோம். வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவர். கியர்பாக்ஸைப் பிரித்துக் கோர்ப்பது நான். ஒரு பெண் லோரிக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்து, "வீட்டுக்காரர் இல்லையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதைப் பல வருடங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன்புதான் அந்த லோரி முதன்முதலாக வந்தது. தானாகவே கியர் மாறும் வகை. பின்னால் ஒரு டிரெய்லரில் மண் தோண்டும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு பாயா தெருபோங் மலைப்பக்கக் கட்டுமானங்களுக்குப் போகும். ஏற்றத்தில் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றார் டிரைவர் அண்ணன். நிபோங் திபாலிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு வேலைக்கு வருபவர். அதிர்ந்து பேசமாட்டார். எண்ணெயை வடித்தபோது பால் சேர்க்காத கோப்பி ஓ மாதிரி கறுப்பாக, தீய்ந்த வாடையோடு வந்தது. உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன.

பழையபடியே கோர்த்தால் மறுபடியும் தீய்ந்துதான் போகும். அதனால் சுமைக்கு ஏற்றபடி பலப்படுத்தினேன். இடையில் மெல்லிய இரும்புத் தட்டுகளைப் போட்டு இடம் மிச்சப்படுத்தி, கூடுதலாகக் கிளட்ச் தட்டுகளை அடுக்கினேன். உள்ளே சுழலும் தண்டைக் கெட்டியானதாக மாற்றினேன். எண்ணெய்த் தொட்டியை ஆழமாக்கினேன். எண்ணெயைக் குளிர்விக்க முன்பக்கம் காற்றாடியோடு பெரிய கூலர் ஒன்றை மாட்டினேன். இவ்வளவு செய்தாலும் சூடு சூடுதான். எண்ணெய் அளவுக்கு மீறிக் கொதித்தால் எந்தத் தட்டும் நிற்காது. எனவே ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு வெப்பமானியும், சூடு எல்லை தாண்டினால் கத்தும் ஒரு பஸரும் வைத்தேன்.

முதலாளியையும் டிரைவர் அண்ணனையும் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் சொன்னேன். "இது கத்தினா ஓரமா நிப்பாட்டுங்க. நியூட்ரல்ல போட்டு இன்ஜின ஓட விடுங்க. சூடு இறங்கின பெறகு கெளம்புங்க."

"ஓகேலா," என்றார் முதலாளி. டிரைவர் அண்ணன் தலையாட்டினார்.

இப்போது அதே கியர்பாக்ஸ் கருகிக் கிடந்தது. முதலாளி போனதும் லோரிக்குள் ஏறினேன். பஸரின் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. அறுந்து போகவில்லை. யாரோ கத்தரித்து, இரண்டு முனைகளிலும் அழகாக டேப் சுற்றியிருந்தார்கள்.

கை கழுவக்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரைவர் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. அவர் மனைவி கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே நடந்துச்சு?"

"பாதி ஏத்தத்துல பொகை வந்துச்சு தங்கச்சி. எண்ணெ பொங்கி எக்ஸாஸ் பைப்பு மேல ஊத்திருச்சு. குபுக்குனு புடிச்சிக்கிச்சு. பின்னால வரிசையா கார். விட்டுட்டு ஓட முடியுமா? சாக்க எடுத்து அடிச்சி அணைச்சேன்."

"ஒயர வெட்டினது யாரு?"

அவர் மனைவியின் கரண்டி நின்றது. டிரைவர் அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"முதலாளிதான். போற வழியெல்லாம் நிப்பாட்டி நிப்பாட்டி போனா வேல எப்ப முடியறதுன்னு சத்தம் போட்டாரு. அவரே வெட்டினாரு. நான்தான் டார்ச் புடிச்சேன்."

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. கட்டுப் போட்ட மனிதரைப் பார்த்து, "ஏண்ணே புடிச்சீங்க, ஒரு வார்த்த எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே," என்று கத்திவிட்டேன். தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். அவர் மனைவி மறுபடியும் கஞ்சியைக் கலக்கினார்.

மறுநாள் முதலாளி பட்டறைக்கு வந்தார். மிச்ச ஒயரைக் காட்டினேன்.

"டிரைவர் வெட்டியிருப்பான். சோம்பேறிப் பய."

"அவரு டார்ச் புடிச்சாரு. வெட்டினது நீங்க."

முகம் கறுத்தது. ஆனால் வெட்கப்படவில்லை. "சரி, நடந்தது நடந்திருச்சு. இந்தத் தடவ இன்னும் ஸ்ட்ரோங்கா செஞ்சிரு. அந்தக் கத்துற சாமான் மட்டும் வேணாம்."

"வண்டிய எடுத்துட்டுப் போங்க," என்றேன்.

என் கணவர் குறுக்கே வந்தார். இவர் நமக்கு நிறைய வேலை கொடுப்பவர், கொஞ்சம் யோசி என்றார். நான் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வீசினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படி ஒரு சத்தத்தை என்னிடமிருந்து கேட்டதில்லை. அன்று மதியமே லோரியை வேறு பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். என் கணவர் அந்த வாரம் முழுவதும் என்னோடு அளந்துதான் பேசினார்.

டிரைவர் அண்ணனுக்கு வீடு திரும்புவதற்குள்ளேயே வேலை போய்விட்டது. அவருடைய கவனக்குறைவால் வண்டி எரிந்தது என்று காரணம் சொன்னார்கள். இந்த முறை அவர் எனக்குப் போன் செய்தார். "தங்கச்சி, லேபர் ஆபீசுக்குப் போலாம்னு இருக்கேன். நீ வந்து சொல்வியா?"

லோரியை இழுத்துப் போவதற்குள் கழற்றி வைத்த கருகிய தட்டுகள் கொஞ்சமும் வெட்டுப்பட்ட ஒயரும் என்னிடம் இருந்தன. அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். என் கணவரும் வந்தார். நான் கூப்பிடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். அதிகாரி முன்னால் கண்டதைச் சொன்னேன். டார்ச் பிடித்ததை டிரைவர் அண்ணன் தானே சொன்னார், குரல் நடுங்காமல். கடைசியில் நஷ்டஈடும் மருத்துவச் செலவும் தர முதலாளி கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த அறைக்குள் வரவேயில்லை.

வெளியே படிக்கட்டில் முதலாளி என் அருகில் வந்தார். சிரித்த முகம்.

"கோவம் வேணாம் தங்கச்சி. என் இன்னொரு லோரி ஏத்தத்துல கியர் மாறமாட்டேங்குது. உன்ன மாதிரி யாரும் செய்றதில்ல. வந்து பாக்குறியா?"

என் கணவர்தான் முந்திக்கொண்டார். "எங்க பட்டறைப் பக்கமே வராதீங்க," என்றார்.

டிரைவர் அண்ணன் காரில் ஏறியதும் அடக்கமாட்டாமல் சிரித்தார். சுருங்கிய தோலோடு இருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை என் கணவரிடம் கொடுத்து, நீங்களே ஓட்டுங்கள் என்றேன்.