கல்வழிக்கு ஆதாரம் கேட்டவள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அவளுக்கு, உடன் வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் ஆதாரம். வெளியே மழை என்று யாராவது சொன்னால்கூட ஜன்னல் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அப்படிப்பட்டவளை ஒரு வீடியோ கேமின் ரசிகர்கள், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய தங்கள் இணையதளத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டதில் ஆச்சரியமே இல்லை.

மந்திரப் போர் விளையாட்டு அது. அதில் இரண்டு மரபுகள். கனல்வழிக்காரர் தன் உயிர்ச்சூட்டையே எரித்து முந்திக்கொண்டு அடிப்பார். அடிக்க அடிக்க ஆயுள் குறையும். கல்வழிக்காரர் மந்திரம் சொல்லமாட்டார், காலை ஊன்றி நிற்பார். வாங்கிய அடியைத்தான் அவரால் திருப்பித் தர முடியும். இரண்டையும் ஒப்பிட்டு அவள் எழுதிய பக்கம் நாற்பது பிரிவு நீளும். விளையாட்டுக்குள் கிடைக்கும் கடிதத்திலோ கல்வெட்டிலோ இல்லாத வரியை அதில் யாரும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அழிப்பாள். மூன்று முறை சேர்த்தால் ஓராண்டுத் தடை.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் அவள் அண்ணன். பள்ளி நாளிலிருந்தே அவள் கனல், அவன் கல். அம்மா சாகக் கிடந்தபோது மூன்று முறை போன் செய்தும், எல்லாம் முடிந்த மறுநாள்தான் அவன் வந்தான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். அவனும் மிதிக்கவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. அவனே முதலில் பேசட்டும் என்று வீம்பு. பேசமாட்டானா என்று ஏக்கம். இந்தப் பக்கத்தை என்றாவது படிப்பான், படித்தால் சண்டை போடவாவது வருவான் என்று நம்பினாள். அதற்காகவே கனல்வழியைக் கொஞ்சம் தூக்கலாக எழுதினாள், ஆதாரத்தோடுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு போனைப் பார்த்தாள். கல்வழிப் பிரிவில் யாரோ புதியவர் கைவைத்திருந்தார். கணக்குத் தொடங்காமல் எழுதியவர், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எண்கள். "கல்வழிகாரன் தப்பு செய்தால் கேடயத்தை கீழே வைத்து எதிரி முன்னால் நிற்ப்பான். முதல் அடியை எதிரியே அடிக்கலாம்." எழுத்துப் பிழை வேறு. "ஆதாரம்?" என்று கேட்டு அழித்தாள். மறுநாளும் அதே வரி. "கடிதமா, கல்வெட்டா?" என்று கேட்டு அழித்தாள். வியாழனன்று மறுபடி வந்தது, கூடவே ஒரு குறிப்பு: "எங்கயும் இல்ல. ஆனா அப்படித்தான்."

"கொழுப்பைப் பாரு" என்று முணுமுணுத்துத் தடையை அழுத்திவிட்டுச் சாப்பிட்டு முடித்தாள்.

பத்து நாள் கழித்து அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணன் போய்விட்டான். பக்கவாதத்தில் ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். அவளுக்குச் சொல்லக் கூடாது, நானே பேசிக்கொள்கிறேன் என்று அண்ணிக்கு எழுதிக் காட்டியிருந்தானாம்.

போட்டது போட்டபடி ஓடினாள். வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அடுக்களைத் தரையில் அண்ணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாய் வரலைம்மா. எடது கை மட்டும்தான் அசைஞ்சுது. அதை வச்சு ஒவ்வொரு எழுத்தா தட்டுவாரு. ஒரு வரி எழுத ஒரு மணி நேரம். நெட்ல நீ பாத்துக்கற அந்தப் பக்கத்துலதான் எழுதினாரு."

"என்ன எழுதினான்?"

"ஏதோ கேடயம்னு... மூணு நாள் எழுதினாரு. நாலாவது நாள் நீ தடை போட்டிருந்தே. 'அவளுக்கு இன்னும் மனசு ஆறலை'ன்னு எனக்கு எழுதிக் காட்டிட்டு போனைக் கவுத்து வச்சவருதான். அப்புறம் தொடவே இல்லை."

"அண்ணி, அது அவன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

"நீ தெரிஞ்சுதான் செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரும்மா."