பனிக்கால மண்ணும் அழிக்க மறந்த வரியும்

மூன்று வருடங்களுக்கு முன், மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. யாழ்ப்பாணத்தில் மண்ணியல் படித்துவிட்டு, இங்கே ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனம் முழுக்கப் பிஎச்டி. ஆனால் உதவித்தொகையோடு இடம் கிடைத்தால்தான் உண்டு. வேலையை விட்டுவிட்டுச் சும்மா படிக்க எங்களுக்கு வழியில்லை.

பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: 'தங்கள் ஆய்வுகள் மகத்தானவை.' குறை கண்ணில் பட்டாலும் வாய் திறக்கமாட்டேன். படிப்பிக்கிற சேரைக் கேள்வி கேட்டால் 'எடுத்தெறிந்து கதைக்கிறாள்' என்பார்களே, அந்தப் பயத்திலேயே வளர்ந்தவள் நான். ஒருவரும் பதில் போடவில்லை.

அந்த வருடத்தின் கடைசி முயற்சியாக, டவுன்டவுனில் உள்ள பல்கலைக்கழகத்தின் ஒரு பெண் பேராசிரியருக்கு எழுதினேன். அவருடைய கட்டுரையைப் படித்தபோது தோன்றியதை, என் ஞாபகத்துக்காகக் கடிதத்தின் அடியில் தமிழில் குறித்து வைத்திருந்தேன். அனுப்பிய பிறகுதான் என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, கீழை தமிழிலை என்னவோ கிடக்கு?"

பார்த்தால், 'மனிசி பனிக்கால மண்ணைத் தொடவேயில்லை. குளிருக்குப் பயம் போல. கேட்டால் கோவிப்பா' என்ற குறிப்பு அப்படியே போயிருக்கிறது!

"ஐயோ, அழிக்க மறந்திட்டன்! எல்லாம் போச்சு."

"விடும். அவவுக்குத் தமிழ் தெரியுமே?"

அடுத்த நாளே, நேரில் வரச்சொல்லிப் பதில் வந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். அறைக்குள் நுழைந்ததும் பேராசிரியர் அந்தக் குறிப்பின் மொழிபெயர்ப்பைத் தன் கைப்பேசியில் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். புகழ்ந்து எழுதுகிறவர்கள் நிறையப் பேராம். கட்டுரையை ஒழுங்காகப் படித்தவள் நான்தானாம்.

"குளிருக்குப் பயம் என்பது உண்மைதான்," என்றார் ஆங்கிலத்தில். "ஜனவரியில் உறைந்த மண்ணைத் தோண்ட எனக்கு ஆளில்லை. நீங்கள் தோண்டுவீர்களா? முழு உதவித்தொகை உண்டு."

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மெட்ரோவில் வீடு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொரு ஜனவரியும் மண் தோண்டும் அலவாங்கும் கையுமாகப் பனியில் நிற்கிறேன். விரல் விறைக்கும்போது, 'உனக்கு இது தேவையாடி' என்று என்னையே திட்டிக்கொள்வேன். பேராசிரியர் புதிதாக எழுதுவதை முதலில் என்னிடம்தான் வாசிக்கத் தருகிறார். குறை சொல்ல இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனதில் பட்டதைக் கேட்பதுதான் ஒருவரின் உழைப்புக்கு நான் செய்யக்கூடிய மரியாதை என்று நினைத்து, கேட்டுவிடுகிறேன்.