குளத்தின் நடுவில் நின்ற கொக்கு

புளித்த மாவையும் கருகிய எண்ணெயையும் ஒன்றாகக் கொதிக்கவைத்த மாதிரி ஒரு வாடை... செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குளத்துப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றால் போதும், தலைமுடியில் ஏறிக்கொள்ளும். எந்த ஷாம்புக்கும் அசையாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்!

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஓர் ஆலை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லேப் அசிஸ்டண்ட். பெயர்தான் பெரிது. கழிவுநீர் குளம் குளமாகத் தெளிந்து ஆற்றுக்குப் போகும் முன், கடைசிக் குளத்து நீரைப் பாட்டிலில் பிடித்து, மூன்று நாள் பெட்டியில் வைத்து, அழுக்கு எவ்வளவு என்று எண் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. மழை பெய்த மறுநாள்தான் சாம்பிள் எடுப்பார்கள். மழைநீர் கலந்தால் எண் தானாக இறங்கிவிடும், பாருங்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். அது பொய் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

அந்த வருடம் சுற்றுச்சூழல் இலாகா விதியை இறுக்கியது. அதுவரை அழுக்குக்குத் தகுந்த கட்டணம் கட்டினால் போதும். சுத்தம் செய்வதைவிட அது மலிவு என்பதால் நிர்வாகம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியது. புதிய விதியில் கட்டணமும் ஏறியது, எல்லையைத் தாண்டினால் லைசென்ஸும் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் ஆலைக்குப் பூட்டு. ஆலை லயத்து வீடுகளில் இருந்த அத்தனை குடும்பமும் எங்கே போகும்?

அந்த மாதம் பார்த்து ஒரு பொட்டு மழை இல்லை. காத்திருந்து அலுத்துப்போய் வெயிலிலேயே சாம்பிள் எடுத்தேன். மூன்றாம் நாள் வந்த எண், புதிய எல்லையைத் தாண்டி எங்கேயோ நின்றது...

மேனேஜர் ராகவன் சார் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"மாத்தி எழுதிடு லா, செல்வி. மழை வந்தா சரியாயிடும்."

"மூணு மாசத்துல இலாகாவுலேர்ந்து அவங்களே வந்து எடுப்பாங்க சார். அவங்க மழைக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்களா?"

அவ்வளவு வாய் எனக்கு எங்கிருந்து வந்ததோ! நான் மாற்றவில்லை. அவர் ஃபைலை மூடிவிட்டு மேலிடத்துக்குப் போன் போட்டார்.

கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வெளிநாட்டு இயந்திரம் ஒன்றின் படத்தைக் காட்டினார். விலையைக் கேட்ட மேலிடம், அதற்கு ஆலையை மூடுவதே லாபம் என்று சொல்லிவிட்டது.

குளங்களைப் பார்த்துக்கொண்டவர் அந்தோணி அண்ணன். ஒரு காலை அவரிடம் புலம்பிக்கொண்டே கரையில் நின்றேன். முதல் குளத்தின் நட்டநடுவில் ஒரு கொக்கு, ஒற்றைக் காலில், ஹாயாக...

"அண்ணே, இந்தக் குளம் எவ்ளோ ஆழம்?"

"ரெண்டு ஆள் ஆழம்மா. பிளான்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப அந்தக் கொக்கு எது மேல நிக்குது?"

அண்ணன் கொக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஓடிப்போய், செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். குத்தினோம். முழங்கால் அளவு இறங்கி நின்றுவிட்டது.

எத்தனை வருடத்துச் சேறோ! குளத்தில் தங்கித் தெளிய வேண்டிய நீர், இடமில்லாமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மழை நாளில் எடுத்த எண்ணைக் காட்டி இலாகாவை ஏமாற்றப் போய், கடைசியில் அதை நாங்களே நம்பிவிட்டோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தாள் சொன்னால், எவன் கம்பு விட்டுப் பார்ப்பான்?

சரி, சேற்றை அள்ளலாம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? லோரிக்கு ஏது காசு? அதற்கும் ராகவன் சாரிடம் அந்தோணி அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"கரையில சேறு சிந்துன எடத்துல புல்லைப் பாருங்க சார். மாட்டைக் கட்டுனா மாடே மறைஞ்சிடும்."

உர விலை ஏறிக் கிடந்த நேரம் அது. சேற்றைக் காயவைத்து, இலாகாவில் அனுமதி வாங்கி, சுற்றியிருந்த சிறுதோட்டக்காரர்களிடம் சொல்லி அனுப்பினோம்... உரம் இலவசம், லோரி உங்களுடையது. முதலில் வந்தது ஒரே ஒரு பாக்சிக், வயதான மலாய்க்காரர். மூக்கைப் பொத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இரண்டு சாக்கு கட்டிக்கொண்டு போனார். சில வாரம் கழித்து லோரியோடு வந்தார். பின்னாலேயே அவர் தம்பி ஒரு லோரி, மச்சான் ஒரு லோரி!

"குப்பைக்கு கியூ நிக்கிறாங்க லா!" என்று ராகவன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இலாகா அதிகாரிகள் வந்தது மண்டையைப் பிளக்கும் வெயிலில். அவர்களே பாட்டிலில் பிடித்தார்கள், அவர்களே சீல் வைத்தார்கள். அடுத்த இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒருநாள், நேரங்கெட்ட நேரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று எல்லாரும் அலறி ஓடினோம். ராகவன் சார் ஒரு கையில் கடிதத்தை ஆட்டிக்கொண்டு, இன்னொரு கையால் சங்குப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். "பாஸாயிட்டோம்! பாஸாயிட்டோம்!" நான் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன். வெட்கமே இல்லை.

இன்று அந்தக் குளங்களின்மேல் பெரிய கறுப்பு விரிப்பு மூடியிருக்கிறது. அடியில் சேரும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம். புதிதாக வரும் இன்ஜினியர்கள் இன்னோவேஷன், இன்னோவேஷன் என்கிறார்கள். விதி மட்டும் எங்கள் கழுத்தைப் பிடித்திருக்காவிட்டால் நாங்கள் இன்னும் மழைக்குத்தான் காத்திருப்போம் என்று அவர்களிடம் சொல்வேன். அந்தோணி அண்ணன் மகள் வீட்டோடு கிள்ளானுக்குப் போய்விட்டார். அவர் பேச்சு இல்லாத குளக்கரை சில காலைகளில் வெறிச்சென்று இருக்கும்.

போன மாதம் புதிய மேனேஜர் ஓர் எண்ணைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதக் கொஞ்சம் ரவுண்ட் பண்ணிக்கலாமா, மேடம்?"

அறிக்கையின் அடியில், பொறுப்பாளர் என்ற இடத்தில் அச்சாகியிருந்த என் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"சாரி மேடம்," என்றார்.

இருந்த எண்ணை இருந்தபடியே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.