வடிகட்டி அக்காவும் கறுப்பு நீரும்

முலாம் பட்டறையில் அவரை எல்லோரும் ‘வடிகட்டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக நிக்கல் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்தப் பச்சை நீரில் ஒரு தூசி மிதந்தாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. காலையில் வந்ததும் பையை ஆணியில் மாட்டுவார், வடிகட்டும் பம்பைப் போடுவார், அதற்கப்புறம்தான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவார். அவர் தொட்டியிலிருந்து எடுக்கிற இரும்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம். மெருகு போடுகிறவர் தினமும் சீவிக்கொள்வார், சீவ இருப்பது நாலே முடி என்றாலும்.

ஆனால் அந்தப் பளபளப்பு கடல்நீரிடம் செல்லுபடியாகவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் பம்புகளுக்குச் சுழல்தண்டுகள் இங்கிருந்துதான் போயின. உப்பும் மணலும் சேர்ந்து மூன்றே மாதத்தில் முலாமைத் தின்றுவிட்டன. அடுத்ததும் இப்படியே ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் அக்காவின் தொட்டியை மூட வேண்டியதுதான்.

அப்போதுதான் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் ஒரு பாட்டிலோடு வந்தார். உள்ளே மை போன்ற நீர்.

“இதத் தொட்டியில ஊத்தணும்க்கா.”

“நான் உயிரோட இருக்கும்போதா?”

“அழுக்கு இல்லக்கா, கரி. கண்ணுக்குத் தெரியாத குழாய் குழாயா இருக்கற கரி. ஒரு தலைமுடியோட பருமன்ல ஐயாயிரத்துல ஒரு பங்குதான். நிக்கலோட சேந்து படிஞ்சா தேயாது, துருப்பிடிக்காது.”

“முடிக்கு என்கிட்ட வந்துடாதீங்க சார்,” என்றார் மெருகுக்காரர்.

அக்கா அரை மனதோடு ஊற்றினார். ஒரு சிறு இரும்புத் துண்டுக்கு முலாம் பூசிக் கொடுத்தார். ஆராய்ச்சிக்காரர் அதைக் கொண்டுபோய் ஒரு வாரம் இயந்திரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு, முகம் செத்துப்போய் வந்தார்.

“சாதா நிக்கல் மாதிரியே தேஞ்சுபோச்சுக்கா. வெட்டிப் பாத்தேன், உள்ள ஒரு கரி இழைகூட இல்ல. எங்க போச்சுன்னே தெரியல. முடியாதுன்னு நாளைக்கு நிலையத்துக்கு எழுதிடறேன்.”

எங்கே போச்சு என்ற வார்த்தை அக்காவைச் சுருக்கென்று தைத்தது. எழுந்துபோய் வடிகட்டியின் மூடியைத் திறந்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய உருளை, அடுப்புக்கரி போலக் கிடந்தது. கறுப்பு நீரை ஊற்றிய அன்றும் காலையில் பையை மாட்டிய கை, அதன்போக்கில் பம்பைப் போட்டிருந்தது. அவருக்கு நினைவே இல்லை.

“எழுதாதீங்க சார். இழை எங்கயும் போகல. நான்தான் வடிகட்டிட்டேன்.”

உருளையைக் கழற்றி அவர்கள் முன்னால் வைத்தார்.

“பேரு வச்சது வீண்போகல,” என்றார் மெருகுக்காரர். ஆராய்ச்சிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி ஊற்றினார்கள். பம்பை நிறுத்திவிட்டு, இழைகள் திரண்டுவிடாமல் அக்கா தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை துண்டு சாம்பல் நிறத்தில், மங்கலாக வந்தது. அதில் முகம் தெரியவில்லை. அதை அடுத்தவர் கையில் கொடுக்கவே அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆராய்ச்சிக்காரர் அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், நுண்ணோக்கியின் திரைமுன் உட்கார வைத்தார். வெட்டிய நிக்கலில் ஒரு விரிசல் மலைப்பிளவு போலத் தெரிந்தது. அதன் இரண்டு கரையையும் மெல்லிய இழைகள் இழுத்துப் பிடித்திருந்தன, கிழிந்த துணியில் தையல் போட்டதைப் போல. விரிசல் அதற்குமேல் நகரவில்லை. இருபத்திரண்டு வருடம் நிக்கலின் முகத்தை மட்டுமே பார்த்தவர் அக்கா. அதற்குள் இப்படி ஒரு இடம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

“இத யாரு சார் தச்சது?” என்றார் மெல்ல.

“தொட்டிகிட்ட நின்னது நீங்கதானக்கா.”

அந்த முலாம் பூசிய தண்டு கடல்நீருக்குள் போனது. மூன்று மாதம் ஆனது, ஆறு ஆனது, நிலையத்திலிருந்து புகார் எதுவும் வரவில்லை. பதினோராம் மாதம் சோதனைக்காகக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, நுனியிலிருந்து நுனிவரை நகத்தால் தடவினார். நகம் எங்கேயும் தட்டவில்லை. இன்னொரு முறை தடவினார். அடுத்த வாரமே நிலையம் முலாம் பூச நாற்பது தண்டுகளை அனுப்பியது.

இப்போது பச்சைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தொட்டியும் இருக்கிறது. காலையில் பையை மாட்டியதும் அக்காவின் கை இன்னும் அதன் பம்பு சுவிட்சுக்குத்தான் போகிறது. அதனால் சுவிட்சின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, அவர் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்: ‘அக்கா, கையை எடு.’