ஐம்பத்தொரு படி அரிசி

1974 டிசம்பர் 14, சனிக்கிழமை, விடியற்காலை நான்கு மணி நாற்பது நிமிடம். மழை இல்லை. கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டிருந்தது, தலைத்துண்டு நிற்கவில்லை. கேரளாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வடகரப்பதியில் எங்கள் வீட்டு வாசலில் மச்சினனுடைய பழைய அம்பாசிடர் மூன்று முறை உறுமி நான்காவது முறை கிளம்பியது. காரில் நான், என் மனைவி, ஓட்டுவதற்கு அவள் தம்பி. டிக்கியில் ஐம்பத்தொரு படி அரிசி.

அந்த அரிசியை நானே அளந்து மூட்டை கட்டினேன். குமுளிக்கு மேலே கேரள மலையில், வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகளுக்கு மறுநாள் திரட்டிச் சீர். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் போய்ச் செய்கிற சீர் அது. எங்கள் குடும்பத்தில் புடவையும் நகையும் இரண்டாவதுதான். பிறந்த வீட்டு வயலில் விளைந்த அரிசி ஐம்பத்தொரு படி, கூடியிருப்பவர்கள் முன்னால் பெண்ணின் தாய் வாய்விட்டு எண்ணி அளக்க வேண்டும். அதில்தான் அன்றைய உலை. காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் நேரம். திங்கட்கிழமை மார்கழி பிறக்கிறது, தள்ளிவைக்கவும் முடியாது.

தங்கை எழுதியிருந்தாள். நிலச் சட்டம் வந்து எங்கள் நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகைக்காரர்களுக்குப் போன நாளிலிருந்து அவளுடைய ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சாம்: "அவ பொறந்த ஊட்டுல இனி ஒரு படி அரிசிக்கும் வழியில்ல." நான்கு வருடமாக அந்த வீட்டில் அவள் இதைக் கேட்டுக்கொண்டு சோறு பரிமாறியிருக்கிறாள். "நெல்லு வெளையலீன்னா வேண்டாங்ணா, வெறுங்கையோட வந்துராதீங்க, வராமயே இருந்துருங்க" என்று முடித்திருந்தாள். நெல் விளைந்திருந்தது. மிச்சமிருந்த நான்கு ஏக்கரில், எங்கள் சிவப்பு நெல்.

வழி நெடுக மனதில் கணக்கு வைத்திருந்தேன். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி, கம்பம், குமுளி. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்றாலும் பதினொன்றரைக்குக் குமுளியில் காப்பி குடிக்கலாம். எங்கும் நிற்பதில்லை என்று முந்தின நாள் இரவே சொல்லியிருந்தேன். கம்பம் தாண்டிக் கூடலூரில், என்னோடு கோயம்புத்தூரில் இன்டர்மீடியட் படித்த நண்பன் இருந்தான். இருபது வருடமாகப் பார்க்காதவன். அவன் வீட்டில்கூட நிற்கப் போவதில்லை என்று சொன்னேன்.

பொள்ளாச்சியில் கார் தானாகவே ஒரு சந்துக்குள் திரும்பியது.

"எங்கடா போற?"

"அக்கா சொல்லுச்சுங்க மச்சான்."

அக்கா பின் இருக்கையில் பழக்கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இந்தப் பக்கம் வாறோம். பெரியம்மா ஊட்டைத் தாண்டிக் காரு போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு நம்ம ஊட்டு எழவுக்குக்கூட வரமாட்டாங்க."

"என் எழவுதானே? வராமலே இருக்கட்டும்."

பெரியம்மாவுக்குக் காது கேட்காது. இட்லிக்கு அப்போதுதான் மாவு ஊற்றினார்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம். உடுமலையில் மச்சினனின் சிநேகிதன் புது மோட்டார் போட்டிருந்தான். கிணற்றுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் விழுகிற அழகைக் காட்டினான். தண்ணீர் விழுவதை நான் ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன். கரண்ட் வேறு இல்லை, வரும்வரை காத்திருந்து பார்த்தோம். இரண்டு மணி நேரம். பழனியில் என் மனைவியோடு ஐந்தாம் வகுப்பு படித்தவள், மத்தியானச் சோறு போடாமல் விடமாட்டேன் என்று காரின் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு பெரிய மனிதனை இப்படிச் சிறை வைக்கலாமா என்று கேட்டேன். "அண்ணனுக்குக் கோவத்துலயும் மூஞ்சி லட்சணமாத்தான் இருக்குது" என்றாள். என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேனிக்கு முன்னால் ஒரு டயர் பஞ்சர் ஆனது. குமுளி மலைக்கு அடிவாரத்தில், தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் கார் நின்றபோது மாலை ஐந்தே முக்கால்.

அந்த வருடம் அரிசிக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. தமிழ்நாட்டு அரிசி மலையேறிக் கேரளாவுக்குப் போகக் கூடாது என்று கெடுபிடி. அது எனக்குத் தெரியும், பத்திரிகை படிக்கிறவன். ஆனால் என் அரிசிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடியாது. எங்கள் கிழக்கு வரப்பில் நின்று எச்சில் துப்பினால் தமிழ்நாட்டில் விழும். எங்கள் மாடு கேரளாவில் மேய்ந்து தமிழ்நாட்டில் தண்ணீர் குடிக்கும். எல்லை தாண்டுவதை நாங்கள் ஒரு காரியமாகவே நினைத்ததில்லை. விடிகாலையில் வேலந்தாவளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபோது ஒருவரும் டிக்கியைத் திறக்கவில்லை. வெளியிலிருந்து அரிசி உள்ளே வந்தால் யாருக்கு என்ன? அதனால் என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

சாவடி அதிகாரி சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல்.

"அரிசிக்கு பெர்மிட்டு இருக்குங்களா ஐயா?"

"இது கேரளா அரிசி. பாலக்காட்டுப் பக்கம் என் சொந்த வயலில் விளைந்தது. கேரளாவுக்குத்தான் போகிறது."

"ஆனா இப்ப தமிழ்நாட்டுல இருக்குல்ல?"

மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிக் காட்டினேன். "பார் தம்பி, சிவப்பு. இப்படி அரிசி உங்க பக்கம் வெளையுமா?"

"செவப்போ வெள்ளையோ, அரிசி அரிசிதான் ஐயா. செவப்புன்னா விட்டுரலாம்னு உத்தரவுல போடலயே."

"அப்ப நான் என் தங்கை வீட்டுக்கு என் அரிசியைக் கொண்டுபோக முடியாதா?"

"மத்தியானத்துக்குள்ள வந்திருந்தா தாலுகா ஆபீசுல எழுதிக் குடுத்து ஏதாச்சும் கேட்டுப் பாத்திருக்கலாம். சனிக்கெழம, இந்நேரம் பூட்டிட்டுப் போயிட்டாக. இனி திங்கக்கெழமதான். ஒங்க வயசுக்கு கேசு எழுத மனசு வரல. திருப்பிக் கொண்டு போயிருங்க."

மத்தியானத்துக்குள்! இட்லி ஒரு மணி ஐம்பது, மோட்டார் இரண்டு மணி, மதியச் சோறு ஒன்றே முக்கால். கூட்டினால் ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடம். அதைக் கழித்தால் நான் பன்னிரண்டு பத்துக்கு இதே இடத்தில் நின்றிருப்பேன். காருக்குள் திரும்பி உட்கார்ந்து இதைச் சத்தம் போட்டுச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

போக்கிடம் ஒன்றுதான் இருந்தது. நிற்கப் போவதில்லை என்று நான் சொல்லியிருந்த கூடலூர் நண்பனின் வீடு.

அவன் என்னைப் பார்த்ததும் கட்டிப் பிடித்தான். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "காலேஜுல கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்குன பய. ஒரு பெர்மிட்ட மறந்துட்டானே!"

"மறக்கவில்லை. தேவை என்று நினைக்கவில்லை."

"குமுளியில போயி கடையில வாங்கிக்கடா. செவப்பரிசி கெடைக்கும். எவனுக்குத் தெரியும்?"

"அளக்கிறவள் என் தங்கை. அவள் அந்த வயலில் களை எடுத்தவள். கையை விட்டதும் தெரிந்துபோகும். கடை அரிசியைப் பிறந்த வீட்டு அரிசி என்று அத்தனை பேர் முன்னால் அவள் வாயால் எண்ணச் சொல்வேனா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். ஆனால் வழி சொன்னது அவன் இல்லை. அவன் மனைவியும் என் மனைவியும் அடுக்களையில் ஏதோ பேசினார்கள். கால் மணி நேரத்தில் கொல்லைப்புறம் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும், வெற்றிலை வாய். மலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் அரிசி சுமந்து குமுளியில் விற்கிறவள்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டேன். "நான் அரிசி கடத்துவதா?"

"நீங்க எங்க கடத்துறீக? கடத்துறது நாங்க. நீங்க காருல போவீக" என்றாள் அந்தப் பெண். பிறகு மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். "இது எந்த ஊரு அரிசி?"

"கேரளா அரிசி."

அவள் நண்பனின் மனைவியைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள். "ஏந்தாயி, கேரளா அரிசியக் கேரளாவுக்கே கடத்துறாகளா? எங்காத்தா காலத்துலருந்து செமக்குறோம். இப்பிடி ஒரு கிறுக்குக் கடத்தல நான் கண்டதுமில்ல கேட்டதுமில்ல." பெண்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பேரம் நடந்தது. ஆறு பெண்கள், ஆளுக்கு எட்டரைப் படி. கூலி தலைக்கு நான்கு ரூபாய், அதோடு அரைப் படி அரிசி.

"அரிசி கிடையாது. ஐம்பத்தொரு படியும் மேலே வந்து சேர வேண்டும். அரைப் படிக்கும் சேர்த்துப் பணமாக வாங்கிக்கொள்."

"பணத்த உலையில போடவா சாமி? ரேசன்ல வாரக்கணக்கா அரிசி இல்ல. அரைப் படி உண்டுன்னாத்தான் அவளுக வருவாளுக. இல்லன்னா நீங்களே தலையில வச்சு ஏறுங்க."

"ஏனுங்க, செரின்னு சொல்லுங்க" என்றாள் என் மனைவி. "நாப்பத்தெட்டுப் படியாவது போய்ச் சேரட்டும்."

"ஐம்பத்தொன்று என்றால் ஐம்பத்தொன்று."

"அப்ப வெறும் மூட்டைய எடுத்துட்டுப் போயி அளக்கச் சொல்லுங்க."

சரி என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர்கள் பிரித்துக் கட்டுவதைப் பார்க்காமல் முன்வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் சாவடியில் அதே அதிகாரி டிக்கியைத் திறந்தார். "மூட்டை எங்க ஐயா?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "எங்க அண்ணன் ஊட்டுலயே எறக்கிப்போட்டமுங்க. திருப்பிக் கொண்டு போன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"நல்லதும்மா" என்று அவர் எனக்கு வணக்கம் வேறு வைத்தார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கை எழவில்லை.

குமுளியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை. ஏழேகாலுக்கு ஐந்து பெண்கள் வந்தார்கள். ஆறாவது வரவில்லை. ஏழரை. ஏழு ஐம்பது. "வருவா, காலுல முள்ளு" என்றாள் வெற்றிலை வாய். எட்டு ஐந்துக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில், மடியில், தலையில் என்று இருந்த அரிசியெல்லாம் மூட்டைக்குள் கொட்டியபோது நான் டீக்கடையில் ஒரு படியைக் கேட்டேன், அளந்துவிடலாம் என்று. மச்சினன் என்னைத் தோளைப் பிடித்துக் காருக்குள் தள்ளினான். "மச்சான், ஒம்பது மணிக்கு நேரம்!"

வண்டன்மேட்டில் தங்கையின் வாசலில் பந்தல் நிறைய ஆட்கள். ஒன்பதே முக்கால். தங்கை தெருவிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, டிக்கியைத்தான் பார்த்தாள். மூட்டை இறங்கியதும் அவள் தோள் இறங்கியது. ஓரகத்தி முதல் வரிசையில், அரிசி விழுகிற பாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

நாற்பத்தெட்டுப் படி என்று தங்கையின் காதில் சொல்ல நான் குனிந்தேன். அதற்குள் படியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவள் மூட்டைக்குள் கைவிட்டு அரிசியை ஒருமுறை விரல்களுக்கு நடுவே விட்டாள். கண் நிறைந்தது. பிறகு அளந்தாள். "லாபம்..." முதல் படிக்கு ஒன்று என்று சொல்வதில்லை. "ரெண்டு... மூணு..." அவள் வழக்கமாகக் கும்பாச்சி கட்டி, படிக்கு மேல் குவித்து அளக்கிறவள். பத்து வரை அப்படித்தான் அளந்தாள். மூட்டையின் சரிவைப் பார்த்தாளோ, என் முகத்தைப் பார்த்தாளோ தெரியாது. பதினொன்றிலிருந்து படியின் வாயை உள்ளங்கையால் வழித்தாள். முப்பதுக்கு மேல் வழிக்கிற கை இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது. நான் பந்தல் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாப்பத்தொம்பது... அம்பது..." மூட்டையை உதறினார்கள். "அம்பத்தொண்ணு." கடைசிப் படி விளிம்புக்கு ஒரு விரல் குறைவு. எதிரே இருந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை என்னிடம் வந்தாள். "ஏனுங்ணா, மூணு படி எங்கீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் என் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிறுக்குக் கடத்தல் உட்பட. தங்கை தூணில் சாய்ந்து, நான்கு வருடத்துக்குச் சேர்த்துச் சிரித்தாள். "கேரளாவுக்கே கடத்துனீங்ளா!"

அவள் பிறந்த வீட்டு அரிசியை, அவள் வாயால், அத்தனை பேர் முன்னால் மூன்று படி கூட்டி எண்ண வைத்தவர்கள் யார்? நானா? இட்லி, மோட்டார், பழனிக்காரியின் முந்தானை முடிச்சு. இன்றைக்கும் சொல்கிறேன், மத்தியானத்துக்குள் போயிருந்தால் ஒரு காகிதத்தில் முடிந்திருக்கும். திரும்பி வரும்போது மூன்று வீட்டிலும் மறுபடி நின்றோம்.

பெட்ரோல், பஞ்சர், பழக்கூடைகள், ஆறு பெண்களின் கூலி எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பத்தாறு ரூபாய் நாற்பது பைசா, மூன்று படி அரிசி.