வருசநாட்டுப் பக்கம் ஒரு முட்டுவீடும் நான் போட்ட கூரையும்

எங்கே கிளம்பினாலும் முதல் நாளே ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொள்வது என் பழக்கம். இந்தப் பயணத்துக்கு எழுதியது இது:

1. தேனியிலிருந்து வருசநாடு: வழி, நேரம், செலவு
2. 1997-இல் அங்கே நான் செய்த நல்ல காரியம்
3. சனிக்கிழமைக் கூட்டம்
4. போக நினைப்பவர்களுக்கு

போனது 2010 பிப்ரவரியில். சுகாதாரத் துறையில் ஊர் ஊராகப் போய் விளக்கம் சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்போது உடன் பணியாற்றிய செவிலியர் சரோஜா வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்தார். "சார், ஈஸ்வரினு ஒரு பிள்ளை, பன்னெண்டாவது படிக்குது. இன்னைக்குக் காலைல முட்டுவீட்டுக்குப் போயிருச்சு. திங்கக்கிழமை பிராக்டிகல் பரீட்சை. ஊர்ல விடமாட்டேங்குறாக. நீங்க வந்து சொன்னாக் கேப்பாக."

மாதவிலக்கான பெண்கள் ஐந்து நாள் ஊருக்கு வெளியே தங்கவேண்டிய அறைதான் முட்டுவீடு. அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்கவில்லை.

தேனியில் காலை 11.20-க்குப் பேருந்து. கண்டமனூர் விலக்கில் திரும்பி, கடமலைக்குண்டு வழியாக வருசநாடு. கட்டணம் பதினேழு ரூபாய். ஒன்றே முக்கால் மணி நேரம். இடதுபக்கச் சன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். இலை உதிர்ந்த இலவ மரங்களில் காய்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. 1997-இலும் இதே மாதம்தான் வந்தேன். படச்சுருள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்தபடியே வந்தது ஞாபகம் வந்தது. இம்முறையும் கையில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அந்த நாளில் முட்டுவீடு கூரைக் குடிசை. மண் தரை, தேள், இருட்டு. பெண்கள் தங்கும் இடம் சுத்தமாக இருந்தால் போதும் என்று ஊர்க் கூட்டத்தில் பேசினேன். ஊராட்சியில் நடையாய் நடந்து சிமெண்டுத் தரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் விளக்கும் போட வைத்தேன். என் பணிக்காலத்தில் நான் நினைத்து மகிழும் சில காரியங்களில் அது ஒன்று.

வருசநாட்டிலிருந்து ஊருக்கு ஆட்டோ அறுபது ரூபாய். மாலை நான்கு மணிக்கு ரேஷன் கடை முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். முதல் பக்கம் 1997-இல் அந்த அறையைச் சரிசெய்த கதை; அதைக் கூட நான் முடிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் மொக்கையன் கையை உயர்த்தினார்.

"அதத்தான் நானும் சொல்றேன். சாரே கட்டிக் குடுத்துட்டுப் போனாக. கீழ சிமெண்டு, மேல லைட்டு. பிள்ளை அங்கன உக்காந்து படிக்க என்ன கொறை?"

ஆண்கள் தலையாட்டினார்கள். ஈஸ்வரியின் அம்மா பேச்சியம்மாள் எழுந்தார்.

"கோவிச்சுக்கிறாதீக சார். கூரையா இருந்தப்ப ஒழுகும். நாலு தூத்தல் விழுந்தா மழைனு சொல்லி, பாயச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவோம். யாரும் கேக்க மாட்டாக. நீங்க ஒழுகாமப் பண்ணுனீக. அன்னையிலருந்து அஞ்சு நாளும் அங்கனதேன்."

"சித்திரை வெயில்லயே மழைனு வந்தவ இவ," என்றார் பக்கத்திலிருந்த பெண். பெண்கள் பக்கம் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1997-இல் இதே சரோஜா, "அதை மூடச் சொல்லுங்க சார்" என்றார். ஆண்கள் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே எனக்கு நடுக்கம். படிப்படியாகத்தான் மாற்றவேண்டும் என்று அவரிடம் சொன்னேன். என் பயத்துக்கு நான் வைத்த பெயர் அது.

தாளை மடித்துவிட்டேன். "இதுல தீட்டும் இல்லை, நோயும் இல்லை. கர்ப்பப்பை மாசாமாசம் செய்யிற வேலை. பிள்ளை வீட்ல படுக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம். இதை அன்னைக்கே உங்க முன்னால சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டுக் கூரையை மட்டும் மாத்திட்டுப் போயிட்டேன்."

"அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா?" என்றார் மொக்கையன்.

"பொய் இல்லைங்க. பாதி."

அவர் மேலே பார்த்தார். பிப்ரவரி வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கு. பிள்ளையக் கூட்டிட்டுப் போ ஆத்தா."

"திங்கக்கிழமையும் மழை இருக்குமா பெரியவரே?" என்றார் சரோஜா.

"பரீட்சை முடியிற வரைக்கும் இருக்கும்."

பேச்சியம்மாள் ஓடாத குறையாக நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். "மழை வருதாம், வா," என்று முட்டுவீட்டு வாசலில் நின்று அவர் மகளைக் கூப்பிட்டார். ஈஸ்வரி புத்தகங்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே இன்னொருத்தி இருந்தாள், அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த மருமகள். வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எனக்கு மட்டும் பெய்யலையா சார்?"

"நீயும் வா," என்று சரோஜா கையை நீட்டினார். அவள் ஊர்ப் பக்கம் பார்த்தாள். மாமியார் வரவில்லை. திரும்ப உள்ளே போய்விட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பக் கடைசி நேரடிப் பேருந்து வருசநாட்டில் 6.40. மூல வைகையில் பிப்ரவரியில் மணல்தான். தண்ணீர் பார்க்க மார்கழிக்குள் போங்கள். இப்படிப்பட்ட அறை கண்ணில் பட்டால் படம் எடுக்காதீர்கள். சுகாதாரப் பணியாக வருபவர்கள் ஆண்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். சரோஜா சனிக்கிழமைதோறும் அதைத் தொடங்கியிருக்கிறார். இரண்டு வாரமாக நானும் போகிறேன். இன்னும் நடுக்கம் போகவில்லை.

மேலே இருக்கும் பட்டியலைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அதில் இரண்டாவது தவறு.