மினுங்கிய காரல்

எங்கள் கல்முனைக்குடி வீதிக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருபவர் அவர். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். திங்களும் வியாழனும் நான் நீட்டும் பிளேன்டீயைத் தொடமாட்டார். அவை அவர் கடமையில்லாவிட்டாலும் விரும்பிச் சுன்னத் நோன்பு பிடிக்கும் நாட்கள்.

ஒருநாள் அவரிடம் பதினெட்டுக் காரல் மீன் வாங்கினோம். எட்டைக் கறியாக்கியதில் ஐந்தைப் பிள்ளைத்தாய்ச்சியான மகள் சாப்பிட்டு முடித்தாள். பிறகு பார்த்தால், மழையில் இருண்ட குசினியில், ஆக்காத மிச்சப் பத்தும் பச்சை வெளிச்சமாய் மினுங்கின. நஞ்சென்று மகள் அழுதாள். நான் குடையுமில்லாமல் ஓடி, அடுத்த தெருவில் நின்றவரைக் கூட்டி வந்தேன்.

அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடும் அவர் சிரித்தார். "காக்கா, இது காரல்ட தொண்டைக்குள்ள குடியிருக்கிற கிருமி. மீன் அதுக்குச் சோறு போடுது, அது மீனுக்கு லைட் அடிக்குது. நாங்க காலமெல்லாம் திண்டுதானே வாறம்."

"மெய்யாவா?" என்றாள் மகள், அழுகை நிற்காமல்.

"கறிச்சட்டிய இஞ்ச கொண்டு வா, புள்ள."

இரண்டு மீனை எடுத்து எங்கள் முன்னாலேயே தின்றார். மகள் கண்ணைத் துடைத்தாள்.

அவர் போன பிறகுதான் கலண்டரைப் பார்த்தேன். அன்று வியாழக்கிழமை.

பேரனுக்கு இப்போது ஏழு மாதம். விட்ட அந்த நோன்பைப் பற்றி அவர் ஒருநாளும் கதைக்கவில்லை. விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்குப் பின் அவருக்காகக் கேட்கும் துஆவை நானும் ஒருநாளும் விட்டதில்லை.